சாயநீரில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

நெய்பவரும் பயிரிடுபவரும் ஒரே சங்கத்தில் அங்கத்தினராயிருப்பதில் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மையை யாவரும் அறிவர். தொல்லையோ, சாயப்பட்டறையின் கழிவுநீர் வாய்க்காலில் இறங்கும் நாளில்தான் தெரியவருகிறது. மேலே நூலுக்குச் சாயம் ஏற்றியவரும், கீழே நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பியவரும் ஒரே பொதுக்குழுவில் அடுத்தடுத்து உட்கார வேண்டியவர்களாயிருக்கின்றனர். ஒருவருக்குப் பட்டறை நிற்கலாகாது. மற்றவருக்குக் கிணறு கெடலாகாது. இவ்விருவருக்கும் நடுவே, சாயத்தைத் தின்றுவிடும் நுண்ணுயிர் என்று கூறி ஒரு பொடியையோ புட்டித் திரவத்தையோ விற்க வருபவர் நிற்கிறார். கண்ணாடிக் குவளையிலுள்ள சிவப்பு நீரை அவர் நம் கண்முன்னே நிறமற்ற நீராக்கிக் காட்டுவார். அவர் காட்டுவது பொய்யன்று. ஆயினும் அக்குவளையில் நிறம் போனபின் என்ன எஞ்சியிருக்கிறது என்பதை அறிந்துகொண்ட பிறகே பணப்பையை அவிழ்க்க வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலத் தாழியில் வாழ்ந்தவை

சாயத்தொழிலுக்கு நுண்ணுயிர் புதிதன்று; புதுச்சேரிக்கு அது முற்றிலும் பழகிய ஒன்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறிய சரக்குகளுள் ‘கினே’ என்னும் நீலத்துணி மிகவும் பெயர் பெற்றிருந்தது. அது பிரான்சு வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டை அடைந்தது. அங்கே பாலைவன ஓரத்து வேலமரங்களின் பிசினுக்கு ஈடாக வணிகர் அத்துணியைக் கொடுத்தனர். நாணயம் போலவே அது கைமாறி வந்தது. அத்துணிக்கு நீலம் தந்தது அவுரிச் செடி. தென்னார்க்காட்டுப் பகுதியில் அவுரி பெருவாரியாகப் பயிராயிற்று.

அவுரியின் நீலக்கட்டி தண்ணீரில் கரைவதில்லை. கரையாத பொருள் நூலுக்குள் நுழைவதெங்ஙனம்? நம் சாயக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். தாழியில் நீலக்கட்டியை அரைத்துக் கலக்கி, சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேர்த்து, வேகவைத்த தகரை விதையை அதில் ஊற்றி மூடிவைப்பர். சில நாட்களில் தாழி நொதிக்கும்; மணம் மாறும்; நீர் மஞ்சட்பச்சையாகும்; மேலே செம்புநிற ஆடை படரும். அப்பொழுது நூற்சிட்டத்தை நனைத்தெடுத்தால், வெளியே வரும்போது பச்சையாயிருந்து, காற்றுப் படப்பட நீலமாக மாறும். தாழி ‘பிடித்துவிட்டதா’ என்பதை நாவினாலும் மூக்கினாலும் அறிந்த முதியவர்கள் இருந்தனர்.

அத்தாழிக்குள் நடந்தது என்ன? தகரை விதையிலுள்ள மாவுப்பொருளையும் சர்க்கரைப் பொருளையும் பாக்டீரியங்கள் உண்கின்றன. நாம் உண்ட உணவைப் பிராணவாயுவைக் கொண்டு எரித்துச் சக்தி பெறுகிறோம். மூடிய தாழியிலோ பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகிறது. உணவிலிருந்து கழன்ற எலெக்ட்ரான்களை எங்கேனும் இறக்கிவைத்தால்தான் அச்சிற்றுயிர்கள் தொடர்ந்து உண்ண முடியும். சுமைதாங்கிக் கல்லைத் தேடும் வழிப்போக்கனைப் போல அவை இடம் தேடுகின்றன. அருகிலிருக்கும் நீலம் அச்சுமையை ஏற்றுக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட நீலம் நிறமிழந்து, கார நீரில் கரைந்துவிடுகிறது. காற்றுப் பட்டதும் சுமையைக் காற்றிடம் தந்துவிட்டு மீண்டும் நீலமாகிறது. 1990-களில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பாவின் பழைய நீலத் தாழி முறையை மீண்டும் செய்துபார்த்து, இவ்வேலையைச் செய்யும் குளோஸ்டிரிடியம் இனத்துப் பாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். ஜப்பானியரின் தாழிகளிலும் காரத்தில் வாழவல்ல வேறு பாக்டீரியங்கள் கண்டறியப்பட்டுள்ளன. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் ‘தி கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ என்னும் சாயக்கூடம் இந்நொதிமுறையை நம் நாளில் மீட்டெடுத்தது.

1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஹைட்ரோஸ்’ எனும் ரசாயனம் வந்து, தாழியில் பாக்டீரியங்கள் பல நாள் செய்த வேலையைச் சில நிமிடங்களில் செய்தது. தகரை விதைக்கு அவசியமில்லாது போயிற்று. அவ்வாறு நாம் தொழிலிலிருந்து அனுப்பிவைத்த வேலைக்காரரைத்தான் இன்று கழிவுநீர்த் தொட்டிக்கு மறுபடியும் அழைக்கிறோம்.

நிறம் எங்கே இருக்கிறது?

1856-இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் இலண்டனில் மலேரியா மருந்து செய்ய முயன்று, தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைப் பெற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் பீட்டர் கிரீஸ் என்பார் கண்ட ‘டயஸோ’ வினையிலிருந்து ‘அஸோ’ சாயங்கள் என்னும் பெருங்குடும்பம் பிறந்தது. இன்று உலகில் விற்பனையாகும் சாயங்களில் பாதிக்கு மேற்பட்டவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் பட்டறைகளில் நாப்தால் என்றும் ரியாக்டிவ் என்றும் வழங்கும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு வகைகளுட் பல அஸோ சாயங்களே.

இச்சாயத்தின் மூலக்கூறில் இரண்டு வளையங்கள் உள்ளன. அவற்றை இணைப்பது இரண்டு நைட்ரஜன் அணுக்களாலாகிய ஒரு சிறு பாலம். அப்பாலமே ஒளியைப் பற்றி நிறத்தைத் தருகிறது. பாலம் நின்றால் நிறம் உண்டு. பாலம் அறுந்தால் நிறம் இல்லை. வெயிலிலும் சோப்பிலும் எளிதில் அறாதவாறு ரசாயன நிபுணர்கள் அதனைக் கட்டியிருக்கின்றனர். துணி வாங்குபவர் சாயம் போகக்கூடாதென்று கேட்கும் அதே உறுதிதான் வாய்க்காலிலும் அச்சாயத்தைப் பல நாள் அழியாமல் வைத்திருக்கிறது.

1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ரியாக்டிவ் சாயங்களை வெளியிட்டது. பருத்தி நூலுடன் இவை ரசாயன முறையில் பிணைந்துவிடுகின்றன, நிறம் பளிச்சென்றிருக்கிறது, கொதிக்கவைக்க வேண்டியதில்லை. ஆனால் இட்ட சாயம் முழுவதும் நூலைப் பற்றுவதில்லை. 100 பங்கில் 60 முதல் 90 பங்கு வரையே பற்றும். எஞ்சியது தண்ணீருடன் கலந்து, மறுபடி எந்த நூலையும் பற்ற முடியாத நிலையில் வெளியேறுகிறது. சாயம் நூலை நாடிச் செல்லும்படி தூண்ட உப்பும் ஏராளமாக இட வேண்டும். இவ்வுப்பைப் பற்றிப் பின்னால் விரிவாகக் கூறுவோம். கதையின் கடினமான பகுதி அதுவே.

பாதி வேலையும் மீதி வேலையும்

காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியங்களுக்கு உணவும் இட்டுச் சாயநீரையும் விட்டால், நீலத் தாழியில் நடந்ததே இங்கும் நடக்கிறது. பிராணவாயு கிட்டாமல் தவிக்கும் எலெக்ட்ரான்கள் அஸோப் பாலத்தின் மீது இறக்கப்படுகின்றன. பாலம் அறுகிறது. நீலத்திற்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு: நீலம் காற்றுப் பட்டால் மீளும், அறுந்த அஸோப் பாலம் மீண்டும் கூடாது. பேசிலஸ், சூடோமோனாஸ், எண்டரோகாக்கஸ் முதலிய எத்தனையோ பாக்டீரிய இனங்கள் இவ்வேலையைச் செய்கின்றன. இதற்கென்று அவற்றிடமுள்ள நொதிப்பொருளை அஸோரிடக்டேஸ் என்பர். எனவே, எந்த ஒரு கம்பெனியின் பாக்டீரியத்திற்கும் இதில் தனியுரிமை கிடையாது. மாட்டுச் சாணக் கரைசலிலும், சாக்கடை வண்டலிலும், பல நாள் சாயநீர் நின்ற குட்டையின் சேற்றிலும் அவை குடியிருக்கின்றன. நம் நாட்டு வெப்பமும் அவற்றிற்கு ஏற்றதே. குளிர் நாட்டார் இத்தொட்டிகளைச் சூடாக்கச் செலவழிக்கும் பணம் நமக்கு மிச்சம்.

குவளையில் நிறம் போவதைக் காட்டும் விற்பனையாளர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்கிறார். பாலம் அறுந்தபின் இரண்டு வளையங்களும் எங்கே போயின என்று அவரைக் கேட்க வேண்டும். அவை போகவில்லை, நிறமற்ற அமீன்களாக அந்நீரிலேயே இருக்கின்றன. இவ்வமீன்களில் சில தீங்கற்றவை. பென்ஸிடீன் போன்ற சில, மனிதருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குபவை. இதனால்தான் ஜெர்மனி 1994-இல் இவ்வகை அமீன்களை விடுவிக்கக்கூடிய சாயங்களைத் தடை செய்தது. நமது அரசாங்கமும் 1993-இல் பென்ஸிடீன் வழிச் சாயங்கள் 42-ஐயும், 1997-இல் மேலும் 70 அஸோ சாயங்களையும் விலக்கியது. சிவந்திருந்த நீர் தன் தீமையை வெளியே சொல்லிக்கொண்டாவது நின்றது. நிறம் நீங்கி அமீன் நிறைந்த நீரோ மாட்டுத்தொட்டிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பாதியில் நின்ற சுத்திகரிப்பு, செய்யாமல் விட்டதைவிடச் சில வேளைகளில் அபாயமானதென்பது என் அபிப்பிராயம்.

மீதி வேலைக்கு வேறொரு கூட்டம் வேண்டும். அமீன்களைப் பெரும்பாலும் காற்றை விரும்பும் பாக்டீரியங்களே உடைத்து உண்கின்றன. ஆகையால் முதல் தொட்டியிலிருந்து வரும் நீரை இரண்டாம் தொட்டிக்கு விட்டு, அங்கே காற்றை ஊத வேண்டும். காற்றூதும் முறை வேறு எங்கும் பிறக்கவில்லை. பருத்தி ஆலைகளுக்குப் பெயர்போன மான்செஸ்டர் நகரத்திலேதான் பிறந்தது. 1914-இல் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் அந்நகரத்துச் சாக்கடை நீரில் காற்றை ஊதி, படிந்த சேற்றைக் கொட்டிவிடாமல் திரும்பத் திரும்பப் புதிய நீருடன் கலந்தனர். சேற்றில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் பெருகிப் பெருகி, வாரக்கணக்கில் ஆன வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. உலகெங்கும் நகரக் கழிவுநீர் இன்றும் பெரும்பாலும் இம்முறையில்தான் சுத்தமாகிறது. ஆனால் காற்றூதும் தொட்டி மாத்திரம் இருந்தால் அஸோ சாயம் அசைவதில்லை. பிராணவாயு இருக்கும்போது எலெக்ட்ரான்கள் அதனிடமே போய்விடுமாதலால் அஸோப் பாலம் தப்பித்துக்கொள்கிறது. முதலில் காற்றில்லாத தொட்டி, பிறகு காற்றுள்ள தொட்டி என்ற வரிசை மாறலாகாது.

வேறொரு மோசமும் நடப்பதுண்டு. சில வேளைகளில் நுண்ணுயிர்கள் சாயத்தை உடைக்காமல், தம் உடலின்மேல் ஒட்டவைத்துக்கொண்டு கீழே படிந்துவிடுகின்றன. மேல்நீர் தெளிவாயிருக்கும். அடியிலுள்ள சேற்றை எடுத்துப் பார்த்தால் அது சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். அப்படியாயின் சாயம் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அச்சேற்றை எருவென்று வயலில் கொட்டினால் மறுபடியும் அது நம்மிடமே வரும். குவளையைக் காட்டுபவரிடம் அடிவண்டலையும் காட்டச் சொல்வது நல்லது.

பாக்டீரியங்களைத் தவிர, பூஞ்சைகளும் இவ்வேலையில் வல்லவை. பட்டுப்போன மரத்தை வெண்மையாக்கி உளுத்துப்போகச் செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகள் மரத்தின் லிக்னின் என்னும் கடும்பொருளை உடைக்கவல்லவை. லிக்னினை உடைக்கும் அதே நொதிகள் பலவிதச் சாயங்களையும் உடைப்பதை 1980-கள் முதல் ஆராய்ச்சியாளர் காட்டி வந்திருக்கின்றனர். அந்நொதிகளுள் ஒன்றான லாக்கேஸை 1883-இலேயே ஜப்பானின் அரக்குமரப் பாலிலிருந்து யோஷிதா என்பவர் கண்டறிந்திருந்தார். நம் பெண்மணிகள் வைக்கோலில் வளர்க்கும் சிப்பிக்காளானும் இவ்வெண்ணழுகல் குடும்பத்தினதே. இதனால் காளான் அறுத்தபின் எஞ்சும் வைக்கோற் படுகையிலும் ஓரளவு இந்நொதிகள் உண்டு. ஆயினும் ஒரு பட்டறையின் அன்றாட நீரை இதனைக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று எண்ணலாகாது. பூஞ்சை மெதுவாக வளர்வது. புளிப்பு நீரை விரும்புவது. பட்டறை நீரோ காரம் மிகுந்தது. திறந்த தொட்டியில் பாக்டீரியங்கள் அதனை விரைவில் அமுக்கிவிடும்.

உப்பு

இனி, பயிரிடும் அங்கத்தினர் கவலைப்பட வேண்டிய பகுதிக்கு வருவோம்.

100 கிலோ நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். நூலின் எடையைப்போல் 20 மடங்கு, அதாவது 2,000 லிட்டர் சாயநீர் வேண்டியிருக்கிறது. நடுத்தரமான நிறத்திற்கு லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று கொண்டால், 100 கிலோ உப்பு ஆயிற்று. நூலின் எடையும் உப்பின் எடையும் சமம்! சாயத்திலாவது பெரும்பகுதி நூலில் தங்குகிறது. உப்பு ஒரு கிராமும் நூலில் தங்குவதில்லை. முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் துணித்தொழில் கழிவுநீரில் கரைந்த உப்புக்களின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. இந்த 100 கிலோ உப்பை அவ்வளவுக்கு நீர்க்கச் செய்வதற்கு, உப்பே இல்லாத நன்னீராக 47,000 லிட்டருக்கு மேல் தேவைப்படும். கிணற்று நீரிலேயே ஓரளவு உப்பிருந்தால் இதனினும் அதிகம்.

நுண்ணுயிர்கள் இவ்வுப்பை என்ன செய்யும்? ஒன்றும் செய்யமாட்டா. சாயம் உடையக்கூடிய பொருள். அதில் கரியும் நைட்ரஜனும் இருக்கின்றன. அவற்றை உண்டு உயிர் வாழலாம். சோடியமும் குளோரைடும் மேலும் உடைக்க இயலாத பொருள்கள். புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்கள், பாத்தி நீர் முற்றும்போது செந்நிறம் அடைவதைக் கண்டிருக்கலாம். உப்பில் வாழும் நுண்ணுயிர்களே அந்நிறத்தைத் தருகின்றன. இவ்வகை உப்புவிரும்பிப் பாக்டீரியங்களுட் சில, உப்பு மிகுந்த சாயநீரிலும் சோர்ந்துபோகாமல் அஸோப் பாலத்தை அறுக்கின்றன என்று பல நாடுகளில் கண்டிருக்கின்றனர். அது பயனுள்ள செய்தியே. ஆனால் உப்பில் வாழ்வது வேறு. உப்பைத் தின்பது வேறு. மரக்காணத்தில் அவை அத்தனை காலம் வாழ்ந்தும் அளத்தில் உப்புக் குறையவில்லையே!

இவ்வுண்மையைக் கற்றுக்கொள்ள நொய்யல் ஆற்றங்கரை மக்கள் பெருவிலை கொடுத்தனர். புதுச்சேரியில் சாயத்தொழில் அவ்வளவு பெருகியதில்லை. ஆயினும் அங்கு நடந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். பனியன் தொழிலால் வளர்ந்த திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் நொய்யலில் கழிவுநீரை விட்டன. ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 20,000 ஏக்கர் பாசனத்திற்கென்று அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பெற்று 1992-இல் பயனுக்கு வந்தது. பட்டறைகளின் நீர் முழுவதும் அவ்வணையில் வந்து தேங்கிற்று. அணை கட்டித் தரும்படி கேட்பதுதான் உழவர் வழக்கம். ஒரத்துப்பாளையத்து உழவர்களோ அணையில் நீரைத் தேக்க வேண்டாமென்று மன்றாடினர். 1990-களின் பிற்பகுதியில் திருப்பூரில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பையும் பெரஸ் சல்பேட்டையும் இட்டுச் சாயத்தை வண்டலாகப் படியவைத்தன. நிறம் குறைந்தது, உப்பு அப்படியே ஆற்றுக்குப் போயிற்று. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் சங்கமாகக் கூடி நீதிமன்றம் சென்றனர். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. ஆணை நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உத்தரவாயிற்று. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. உழவர் முன்னமே நிலத்தை இழந்திருந்தனர். இப்போது சாயத் தொழிலாளரும் கூலியை இழந்தனர்.

இப்பொழுது அங்குள்ள பொது நிலையங்களில் நுண்ணுயிர்த் தொட்டி முதற்படியாக இருக்கிறது. அதன்பின் நுண்சவ்வுகளின் வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கின்றனர். பிரிந்த உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்கியோ, சாயமேற்றுவதற்கே திரும்பப் பயன்படுத்தியோ வருகின்றனர். சவ்வில் சாயமும் அழுக்கும் அடைத்துக்கொள்ளாமல் காப்பது முன்னால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே. இதில் மின்சாரச் செலவும் மூலதனமும் மிகுதி. தனிப் பட்டறைக்கு அது எட்டாது. பலர் கூடினால்தான் இயலும்.

நம் பகுதிக்கு இதில் கூடுதலான அச்சம் ஒன்றுண்டு. புதுச்சேரி கடற்கரை ஊர். நிலத்தடி நீரை அதிகமாக இறைத்தால் கடல்நீர் உள்ளே புகும் தன்மை இங்குள்ளது. கீழிருந்து கடல் ஒரு பக்கம் உப்பை ஏற்றும்போது, மேலிருந்து பட்டறை மற்றொரு பக்கம் உப்பை இறக்கலாகாது. நெல், உப்பை ஓரளவே தாங்கும் பயிர். மண்ணின் சாற்றில் மின்கடத்தும் அளவு 3 டெசிசீமென்ஸைத் தாண்டியபின் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் 100-க்கு ஏறத்தாழ 12 பங்கு குறைவதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். சோடியம் மிகுந்தால் களிமண் குழைந்து இறுகி, நீர் இறங்காத களர் நிலமாகிவிடும். நிலம் களரான பின் அதனைத் திருத்த ஜிப்சமும் நன்னீரும் வேண்டும். நன்னீர் இருந்திருந்தால் அந்நிலத்திற்கு அக்கதி வந்திராது.

ஒரு சிறிய சாயக்கூடத்தில் செய்யக்கூடியது

பெரிய ஆலைகள் இருந்த நாளில் கழிவுநீர் ஆலைக்காரர் பொறுப்பாயிருந்தது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இனிச் சாயம் ஏறுவது சிறு கூடங்களில்தான். சிறு கூடங்களுக்கும் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பொருந்தும். புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தின் இசைவு பெற்றே நடத்த வேண்டும். சங்கத்தின் பொதுச் சாயக்கூடம் ஒன்றை மனத்திற்கொண்டு சில விவரங்களைச் சொல்கிறேன்.

எல்லாவற்றிற்கும் முதன்மையானது, சாயத்தொட்டி நீரையும் அலசிய நீரையும் ஒன்றாகக் கலக்காமலிருத்தல். உப்பில் மிகப் பெரும்பகுதி முதல் தொட்டி நீரிலும் முதல் அலசலிலும் இருக்கிறது. அதன் அளவு குறைவு. அதனைத் தனியே பிரித்து, அடியில் நீர் இறங்காதவாறு தளமிட்ட ஆழமற்ற பாத்திகளில் உப்பளம் போலக் காயவிடலாம். காய்ந்த உப்பில் சாயம் கலந்திருக்குமாதலால் அதனைக் குப்பையில் கொட்டலாகாது. அபாயக் கழிவுகளை ஏற்கும் இடத்திற்கே அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் இப்பாத்திகள் பயன்படா. ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு மூடிய சேமிப்புத் தொட்டி தேவை. இவ்வொரு பிரிவினையைச் செய்யாமல் இலட்சக்கணக்கில் செலவழித்து அமைக்கும் எந்தத் தொட்டியும் உழவருக்கு உதவாது என்பதே என் உறுதியான எண்ணம்.

எஞ்சிய அலசல் நீர் நுண்ணுயிர்களுக்கு உரியது. அதன் காரத்தைக் குறைத்து நடுநிலைக்குக் கொணர்ந்தபின், தடுப்புச் சுவர்கள் வைத்து மேலும் கீழுமாக நீரைச் செலுத்தும் மூடிய தொட்டியில் ஒரு நாளோ இரண்டு நாளோ தங்கவிட வேண்டும். இத்தகைய தடுப்புத் தொட்டிகளை வீட்டுக் கழிவுநீருக்காக ஆரோவில்லில் பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள், யந்திரமின்றி ஓடுபவை, நேரில் சென்று பார்க்கலாம். முதல் விதையாகச் சாணக் கரைசலும் பழைய சுத்திகரிப்பு நிலையத்து வண்டலும் போதும். ஆனால் பொறுமை வேண்டும். புதிய நீருக்கு அவை பழகிப் பெருக ஓரிரு மாதங்கள் ஆகும். முதல் வாரத்தில் கொஞ்சம் நீரும், பிறகு சிறிது சிறிதாக அதிகமும் விட வேண்டும்.

உணவுக்கு என்ன செய்வது? இதில் நெசவாளருக்கு ஒரு வசதியுண்டு. பாவுக்கு இடும் அரிசிக் கஞ்சி, துணியைக் கஞ்சி நீக்கி வெளுக்கும்போது கழிவுநீராக வெளியேறுகிறது. ஆற்றில் விட்டால் அது அழுகிப் பிராணவாயுவைத் தின்று மீனைக் கொல்லும். அதையே மூடிய தொட்டியில் சாயநீருடன் சேர்த்தால், தகரை விதை நீலத் தாழியில் செய்த வேலையை அது செய்கிறது: நுண்ணுயிர்களுக்குச் சோறாகிறது. ஆகவே கஞ்சிநீரையும் அலசல் நீரையும் சேர்த்தே தேக்கலாம். வெளுப்புத் தூளின் நீரை மட்டும் அதில் சேர்க்கலாகாது; அது நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

அதன்பின் காற்றூதும் தொட்டி, வண்டல் படியும் தொட்டி, சரளைக் கற்களில் சம்பும் நாணலும் நட்ட படுகை என்று நீர் செல்லும். டர்காய்ஸ் நீலம் போன்ற சில சாயங்கள் இத்தனையும் கடந்து வெளிவரும். அவை செம்பு கலந்த வேறு குடும்பத்தவை. செம்பையும் எந்த நுண்ணுயிரும் அழிக்க முடியாது. அந்நிறத்தை நம் கூடத்தில் ஏற்றாமல் விடலாமா என்பது பொதுக்குழு யோசிக்க வேண்டிய விஷயம்.

முடிவில் வரும் நீர் நல்லதா என்று அறிய ஆய்வுக்கூடச் சோதனை அவசியம். அமீன் இருக்கிறதா என்பதை வேறு வழியில் அறிய இயலாது. அன்றாடம் பார்க்கவேண்டியவற்றிற்கு லிட்மஸ் போன்ற காரத்தாளும், சட்டைப்பையில் வைக்கத்தக்க உப்பளவுக் கருவியும் போதும். பயிரிடும் அங்கத்தினர் மற்றொரு சோதனையும் செய்யலாம். இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 50 பச்சைப்பயற்றை இட்டு, ஒன்றைக் கிணற்று நீராலும் மற்றொன்றைத் தொட்டி நீராலும் நனைத்து வரவேண்டும். மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேரின் நீளத்தையும் அளந்து பார்க்கலாம். நிறம் தெளிந்தும் வேர் குறுகியிருந்தால், இரண்டாம் தொட்டி தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது உப்பு மிஞ்சியிருக்கிறது. இச்சோதனையைச் சாயமேற்றுபவரும் உழவரும் சேர்ந்தே செய்வது நலம். எண்ணிக்கையில் பிறகு வாதம் எழாது.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடம் நாட்கணக்கில் மூடியிருக்கும். தொட்டியில் இருப்பவற்றிற்கு விடுமுறை கிடையாது. ஒரு வாரம் பட்டினி கிடந்தால் அவை நலிந்து, மறுபடி வேலை தொடங்கும் நாளில் சாயம் அப்படியே வெளிவரும். ஆகையால் காவற்காரரிடம் சொல்லிவைத்து, நாள்தோறும் கொஞ்சம் அரிசிக் கஞ்சியோ வெல்லக் கரைசலோ மூடிய தொட்டியில் ஊற்றச் செய்ய வேண்டும். காற்றூதும் யந்திரத்தையும் நாளில் சில மணி நேரமாவது ஓட்ட வேண்டும். விடுமுறை முடிந்த முதல் நாள் கருஞ்சாயத்தை ஏற்றாமல், இளநிறங்களைக் கொண்டு தொடங்குவது நல்லது.